நடக்க முடியாதவர் எழுதிய நெடும்பயணம்

இங்கிலாந்தின் சிறுவர் வரலாற்று நாவலாசிரியர் ரோஸ்மேரி சட்கிளிஃப் 1920-இல் பிறந்தார். சிறு வயதிலேயே மூட்டுவாதம் தாக்கியதால், வாழ்நாளின் பெரும்பகுதி சக்கர நாற்காலியில் கழிந்தது. ஒன்பது வயதுவரை வாசிக்கத் தெரியாது. தாயார் வாசித்துக் காட்டிய கதைகளே அவருக்குப் பள்ளிக்கூடம். 14 வயதில் படிப்பை நிறுத்தி, ஓவியம் கற்றார். எழுத்து பிறகுதான் வந்தது.

1954-இல் வெளியான ‘ஒன்பதாம் படையின் கழுகு’ அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது. பிரிட்டனிலிருந்த ரோமானியப் படையொன்று சுவடின்றி மறைந்த செய்தியும், சில்செஸ்டர் அகழாய்வில் கிடைத்த வெண்கலக் கழுகும் அதற்கு வித்து. கதை நாயகன் மார்க்கஸ், காலில் காயம்பட்டுப் படையிலிருந்து விலக்கப்பட்டவன். அந்தக் காலோடுதான் ஹேட்ரியன் சுவரைத் தாண்டி, தந்தையின் படைச் சின்னத்தைத் தேடிப் போகிறான். பிள்ளைகளுக்குத்தானே என்று சட்கிளிஃப் வலியை மறைத்து எழுதவில்லை.

‘விளக்கேந்துவோர்’ நாவலுக்குக் கார்னகி பதக்கம் கிடைத்தது. 1992-இல், இறந்த அன்று காலையிலும் அவர் எழுதிக்கொண்டிருந்தார்.