மாட்டெலும்பில் தொடங்கிய ஆலை

சென்ற விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தபோது, தொழில் ரசாயனம் படித்து என்ன செய்யப் போகிறாய் என்று பெரியப்பா கேட்டார். விடை சொல்லத் தெரியாமல் விழித்தேன். கல்கத்தாவுக்குத் திரும்பிய பிறகே ஒரு செய்தி என் மனத்தில் உறைத்தது. நான் பயிலும் விஞ்ஞானக் கல்லூரியின் கதவிலக்கம் 92. அதே கேள்வியைத் தமக்குத் தாமே கேட்டுக்கொண்ட ஒருவர் குடியிருந்த வீடு, இதே சாலையில் 91. முன்னாளில் அப்பர் சர்க்குலர் ரோடு என்றிருந்த இச்சாலைக்கு இன்று அவர் பெயரே வழங்குகிறது: ஆச்சாரிய பிரபுல்ல சந்திரர் சாலை.

பிரபுல்ல சந்திர ராய் 1861இல், இன்று வங்கதேசத்தைச் சேர்ந்த ராருலி கிராமத்தில் பிறந்தார். 1882இல் கில்கிறிஸ்ட் உபகாரச் சம்பளம் பெற்று எடின்பரோ சென்று, 1887இல் டி.எஸ்ஸி. பட்டம் பெற்றார். இவ்வளவு படித்து வந்தவருக்கு 1889இல் பிரசிடென்ஸி கல்லூரியில் கிடைத்தது மாதம் 250 ரூபாயில் தற்காலிக உதவிப் பேராசிரியர் பதவிதான். உயர்ந்த பதவிகள் வெள்ளையருக்கே இருந்த காலம் அது.

பட்டம் பெற்ற வங்காள இளைஞர் குமாஸ்தா வேலைக்கு அலைவதைக் கண்டு அவர் மனம் நொந்தார். மருந்துகளோ கப்பலில் வந்துகொண்டிருந்தன. நாமே செய்தால் என்ன என்று எண்ணினார். முதலில் எலுமிச்சஞ் சாற்றிலிருந்து சிட்ரிக் அமிலம் எடுத்துப் பார்த்தார். பழத்தின் விலை கட்டவில்லை. அடுத்து அவர் கண் எலும்பின்மேல் விழுந்தது. எலும்பைச் சுட்டால் எஞ்சும் சாம்பல் பெரும்பாலும் கால்சியம் பாஸ்பேட். அதைக் கந்தக அமிலத்தில் கரைத்துச் சோடாவும் சேர்த்தால், மருந்துக்கான சோடியம் பாஸ்பேட் ஆகும். நோட்டுப் புத்தகத்தில் இது இரண்டே வரிச் சமன்பாடு!

ராஜாபஜார் கசாப்புக்காரர்களிடம் மாட்டெலும்பை மூட்டை மூட்டையாக வாங்கி மொட்டைமாடியில் உலர்த்தினார். குளிர்காலத்தில் எதிர்பாராத மழை பிடித்துக்கொண்டது. ஒட்டியிருந்த இறைச்சி அழுகிப் புழு வைத்தது. காக்கைகள் அதைக் கொத்திச் சென்று இந்துக்கள் வீட்டு முற்றங்களில் போட்டன. அக்கம்பக்கத்தார் கொதித்தெழுந்ததில் வியப்பென்ன? எலும்பையெல்லாம் மாணிக்கதலாவில் ஓரிடத்துக்குக் கொண்டுபோய்ச் சூளை போலக் கொளுத்தினார். நள்ளிரவில் நெருப்பைக் கண்ட போலீஸ்காரர், யாரோ பிணத்தை மறைவாக எரிப்பதாக ஐயுற்று ஓடி வந்தார்!

1892இல் ஏறக்குறைய 700 ரூபாய் முதலுடன் வங்க ரசாயனத் தொழிலகம் பிறந்தது. பகலில் பாடம், மாலையில் மருந்து. செய்வதைவிட விற்பதுதான் கடினமாயிற்று. சுதேசி மருந்தைத் தரகர்கள் நம்பவில்லை. நண்பரான டாக்டர் அமூல்ய சரண் போஸ்தான் மற்ற மருத்துவர்களை எழுதிக் கொடுக்கச் செய்தார். நம் பாட்டிமார் அறிந்த ஆடாதோடையும், நிலவேம்பும், ஓம நீரும் முறைப்படி வடிக்கப்பட்டுச் சீட்டொட்டிய புட்டிகளில் கடைக்கு வந்தது அவருடைய முயற்சியால்தான்.

அமூல்யரின் மைத்துனர் சதீஷ் சந்திர சிங்கர் ரசாயனத்தில் எம்.ஏ. தேறியவர். உத்தியோகம் தேடாமல் இந்தச் சிறு தொழிலில் சேர்ந்தார். ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கையில் ஹைட்ரோசயனிக் அமில விஷம் தற்செயலாக உட்சென்று உயிர் நீத்தார். 1898இல் அமூல்யரைப் பிளேக் நோய் கொண்டுபோயிற்று. ராய் தனித்து நின்றார். இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் புத்தகத்தை மூடிவைத்துவிடுகிறேன். நானாக இருந்தால் கடையை அன்றே மூடியிருப்பேன்.

அவர் மூடவில்லை. 1901இல் அது பங்குக் கம்பெனியாயிற்று. 1905இல் மாணிக்கதலாவிலேயே ஆலை எழுந்தது. இடையே 1896இல் மெர்க்குரஸ் நைட்ரைட் பற்றிய ஆராய்ச்சியையும், 1902இல் இந்து ரசாயன வரலாற்றின் முதற் பாகத்தையும் வெளியிட்டார். எங்கிருந்து நேரம் கிடைத்ததோ!

1916இல் எங்கள் விஞ்ஞானக் கல்லூரிக்குப் பேராசிரியராக வந்தார். 1921இல் அறுபது வயது நிறைந்ததும் தம் சம்பளத்தைச் சர்வகலாசாலைக்கே விட்டுக்கொடுத்து, 1936 வரை பணியாற்றினார். மணம் செய்துகொள்ளாதவர். கல்லூரியிலேயே ஓர் அறையில் வாழ்ந்து, 1944 ஜூன் 16இல் அங்கேயே காலமானார். அவர் தொடங்கிய கம்பெனி 1980இல் நாட்டுடைமையாயிற்று.

பெரியப்பாவுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்திருக்கிறேன். எலும்புக் கதையை எழுதிவிட்டேன், சிரிப்பார். சதீஷரைப் பற்றி எழுதலாமா, வேண்டாமா என்றுதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.