காந்தியின் கணக்கு நோட்டு

காந்தின்னா நமக்குக் கதர் வேட்டியும் கைத்தடியும்தான் ஞாபகம் வரும். எனக்குப் பிடிச்ச காந்தி வேற. நம்ம வயசுல வீட்டை விட்டுப் படிக்கப் போன மாணவர் அவர்.

1869-ல் போர்பந்தரில் பிறந்த மோகன்தாஸ், சட்டம் படிக்க 1888 செப்டம்பரில் பம்பாயில் கப்பல் ஏறினார். அம்மா புத்லிபாய் லேசில் அனுப்பவில்லை. மது, மாது, மாமிசம் மூன்றையும் தொடமாட்டேன் என்று ஒரு சமணத் துறவி முன்னிலையில் சத்தியம் வாங்கிய பிறகுதான் சம்மதித்தார்.

லண்டனில் உப்புசப்பில்லாத காய்கறியும் ரொட்டியும்தான் கிடைத்தன. பாதி நாள் பட்டினி. மாமிசம் சாப்பிடச் சொல்லி நண்பர் ஒருவர் விடாமல் வாதாடினார். இவர் அசையவில்லை. பிறகு ஃபாரிங்டன் தெருவில் ஒரு சைவ உணவகத்தைக் கண்டுபிடித்து வயிறார சாப்பிட்டார். இடையில், முட்டை மாமிசத்தில் சேராதுன்னு சிலர் சொன்னதால் கொஞ்ச நாள் முட்டை சாப்பிட்டார். அப்புறம் யோசித்தார். சத்தியம் வாங்கினது அம்மா. அவருக்கு முட்டையும் மாமிசம்தான். அதோடு முட்டையை நிறுத்திவிட்டார்.

இதனால அவர் பிறவியிலேயே கட்டுப்பாடான ஆள்னு நினைக்காதீங்க. பாண்ட் தெருவில் 10 பவுனுக்கு உடை தைத்தார். நடன வகுப்பு, வயலின் என்று செலவழித்தார். டை கட்டவே தினமும் 10 நிமிடம் கண்ணாடி முன் நின்றார். ஏறக்குறைய மூன்று மாதம் இந்த மோகம்.

அவரைக் காப்பாற்றியது ஒரு கணக்கு நோட்டு. பஸ் கட்டணம், தபால் தலை, பத்திரிகை வாங்கிய சில்லறை எல்லாத்தையும் எழுதி, படுக்கும் முன் இருப்பைச் சரிபார்ப்பார். அண்ணன் கஷ்டப்பட்டு அனுப்பும் பணம் எங்கே போகுதுன்னு அதில் தெரிந்தது. பஸ்ஸை விட்டு தினமும் 8 முதல் 10 மைல் நடந்தார். ஒற்றை அறைக்கு மாறி, காலையில் தானே ஓட்ஸ் கஞ்சி காய்ச்சினார்.

பொறியியல் படிக்கிறவங்களுக்கு இது சட்டுன்னு புரியும். அறையின் வெப்பத்தை அளக்காத ஏர்கானால் குளிரைக் கட்டுப்படுத்த முடியாது. முதலில் அளக்கணும், பிறகுதான் திருத்தணும். மனசும் அப்படித்தான். சத்தியம் அவருக்கு எல்லையைக் காட்டியது. எல்லைக்குள் இருக்கிறோமா என்று நோட்டு காட்டியது.

1891-ல் பாரிஸ்டராக ஊர் திரும்பியபோதுதான், அம்மா முன்பே காலமான செய்தி தெரிந்தது. அவர் மனம் உடையக்கூடாது என்று அண்ணன் மறைத்திருந்தார். சத்தியம் கேட்டவர் இல்லை. ஆனாலும் காந்தி மாமிசம் தொடவில்லை. பிற்காலத்தில் லட்சக்கணக்கான பொதுப்பணம் கைக்கு வந்தபோதும் அதே கணக்குப் பழக்கம்தான் துணை நின்றது.

நம்மில் பலர் கல்விக் கடன் வாங்கித்தான் படிக்கிறோம். மாமாக் கடையில் எவ்வளவு ரிங்கிட், கைப்பேசியில் எத்தனை மணி நேரம்? பெரிய சபதமெல்லாம் அப்புறம். ஏழு நாள் எழுதிப் பாருங்க. எதை விடணும்னு அந்த நோட்டே சொல்லும்.