நிறம் கொண்டு வந்த நம்ம ஊர்க்காரர்



புடவை எடுத்தால் அதற்கு மேட்ச்சா ஜாக்கெட் துணி எடுக்கணும் என்பது நாமகிரிப்பேட்டைப் பெண்களின் சட்டம். எங்க அம்மா துணியைக் கடை வாசலுக்கே கொண்டுபோய் வெயிலில் வைத்துப் பார்ப்பார். கறுப்பு வெள்ளைப் படங்களில் இந்தக் கவலையே கிடையாது. பாவாடை என்ன நிறம், மேல்சட்டை என்ன நிறம் என்று யாருக்குத் தெரியும்? எல்லாம் சாம்பல்தான். 1956-ல் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' வந்தது. தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம். பானுமதியின் உடுப்பும் எம்.ஜி.ஆரின் உடுப்பும் அசல் நிறத்தோடு திரையில் தெரிந்தன. அதை எடுத்தவர் மாடர்ன் தியேட்டர்ஸ் டி.ஆர்.சுந்தரம்.

1907-ல் திருச்செங்கோட்டில் பிறந்தவர். நூல், ஜவுளி வியாபாரக் குடும்பம். இங்கிலாந்தில் லீட்ஸ் நகருக்குப் போய் ஜவுளித் தொழில்நுட்பம் படித்துவிட்டு வந்தார். அதாவது அவரும் நம்மைப் போல டெக்னிக்கல் படிப்புக்காரர்தான்!

அந்தக் காலத்தில் தமிழ்ப்படம் எடுக்க கல்கத்தாவுக்கும் பம்பாய்க்கும் ரயிலேறணும். ஏன் போகணும் என்று யோசித்தவர், சேலம் ஏற்காடு ரோட்டில் சொந்தமாக ஸ்டுடியோ கட்டினார். 1937-ல் 'சதி அகல்யா'. 1938-ல் மலையாளத்தின் முதல் பேசும்படம் 'பாலன்'. 1940-ல் பி.யு.சின்னப்பா இரட்டை வேடம் போட்ட 'உத்தம புத்திரன்'. 1950-ல் கலைஞர் வசனம் எழுதிய 'மந்திரி குமாரி'. 1961-ல் மலையாளத்தின் முதல் வண்ணப்படமும் இவருடையதே. 1963-ல் காலமானார். கம்பெனி எடுத்த படங்கள் நூறுக்கு மேலே.

துணி படித்தவர் சினிமாவுக்குப் போனாரே, படிப்பு வீண்தானே என்று சிலர் கேட்பார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஸ்டுடியோவை அவர் ஒரு மில் மாதிரி நடத்தினார். நடிகர், டெக்னீஷியன் எல்லோருக்கும் மாதச் சம்பளம். நேரத்துக்கு வரணும், நேரத்துக்கு வேலை முடியணும். படப்பிடிப்பிலிருந்து லேப் வரை ஒரே காம்பவுண்டுக்குள். பட்டறைப் படிப்பு இல்லாமல் இந்த ஒழுங்கு எங்கிருந்து வரும்?

ஒன்றை மறைக்கக் கூடாது. அவருக்குக் குடும்பத்தில் முதல் இருந்தது. நம்மில் பாதிப்பேருக்கு பஸ் பாஸே பெரிய விஷயம். எங்க குடும்பத்தில் படிக்க வந்த முதல் ஆள் நான்; சொந்த ஸ்டுடியோ எல்லாம் கனவில்கூட வராது. ஆனால் வேலை தெரிந்தவன் ஊரை விட்டு ஓடித்தான் ஆகணும் என்பதை அவர் ஏற்கவில்லை. மெட்ராஸ் ஆட்களைச் சேலத்துக்கு வரவழைத்தார். அதற்குப் பணம் மட்டும் போதாது, தொழில் தெரிந்திருக்கணும்.

ஏற்காடு போகும்போது அந்த ஸ்டுடியோவின் பழைய நுழைவு வளைவைப் பார்க்கலாம். உள்ளே இருந்ததெல்லாம் போய்விட்டது. டிப்ளமோ முடித்ததும் பெட்டியைக் கட்டுவதற்கு முன்னால், நம்ம ஊரில் என்ன செய்யலாம் என்று ஒரு தடவை யோசிப்போமே நண்பர்களே!