சுழல் இஞ்சின் கண்ட பெலிக்ஸ் வாங்கெல்

மோட்டார் வண்டி ஓட்டும் உரிமத்தை வாழ்நாளில் ஒருநாளும் பெறாத ஒருவர், மோட்டார் உலகமே வியந்து நோக்கிய ஓர் இஞ்சினைக் கண்டுபிடித்தார் என்றால் நம்புவீர்களா? கல்லூரியில் படித்திராத அவருக்கு, 1969-ஆம் ஆண்டில் முனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் மதிப்புறு டாக்டர் பட்டம் வழங்கியது. அவர்தாம் ஜெர்மானியராகிய பெலிக்ஸ் வாங்கெல். அவர் வாழ்வில் போற்றத் தக்கதும் உண்டு. போற்றவே கூடாததும் உண்டு. இரண்டையும் மாணவ நண்பர்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

1902 ஆகஸ்டு 13-ஆம் நாள், தென்மேற்கு ஜெர்மனியில் லார் என்னும் சிற்றூரில் வாங்கெல் பிறந்தார். தந்தை வனத்துறை அலுவலர். 1914-இல் முதல் உலகப் போர் மூண்டது. அந்த ஆண்டிலேயே தந்தை களத்தில் மாண்டார். தாயும் ஒரே மகனுமாக ஹைடல்பர்க் நகரில் குடியேறினர். 1921-இல் இறுதித் தேர்வு எழுதாமலே பள்ளியை விட்ட பெலிக்ஸ், ஒரு நூல் வெளியீட்டு நிலையத்தில் வேலைக்கு அமர்ந்தார். பகலில் புத்தகக் கட்டுகள். மற்ற நேரமெல்லாம் இயந்திர எண்ணங்கள். கண்பார்வையோ மிகவும் குறைவு. ஆயினும் 1924-இல் நண்பர்களுடன் ஒரு சிறு பட்டறை அமைத்தார். 1929-இல் சுழல் இயந்திரத்துக்கான முதற் காப்புரிமையைப் பெற்றார்.

அவர் கண்ட கனவு யாது? சாதாரண இஞ்சினில் பிஸ்டன் மேலும் கீழும் ஓடுகிறது. ஒவ்வொரு முறையும் நின்று திரும்ப வேண்டும். அந்த ஆட்டத்தைப் பிறகு சுழற்சியாக மாற்ற வேண்டும். தொடக்கத்திலிருந்தே சுழன்றால் என்ன? இதுவே வாங்கெலை முப்பது ஆண்டுகள் உறங்கவிடாத கேள்வி. நம் வீட்டு ஆட்டுக்கல்லை நினைத்துக்கொள்ளுங்கள். குழவி தன்னைத் தானே சுற்றிக்கொண்டு, குழியின் ஓரத்தையும் ஒட்டிச் சுற்றி வருகிறதல்லவா? அதுபோலவே வாங்கெல் இஞ்சினில் முக்கோண வடிவான ஒரு சுழலி, இடை சற்றே ஒடுங்கிய கூட்டுக்குள் மையம் விலகிச் சுற்றுகிறது. சுழலியின் மூன்று முனைகளும் கூட்டின் சுவரை விட்டு அகலுவதில்லை. அதனால் மூன்று அறைகள் உண்டாகிப் பெருத்தும் சிறுத்தும் வருகின்றன. காற்றை உறிஞ்சுதல், அழுத்துதல், எரித்தல், புகையை வெளியேற்றுதல் ஆகிய நான்கும் வால்வு ஏதுமின்றியே நடந்து விடுகின்றன. சுழலி ஒருமுறை சுற்ற, தண்டு மூன்று முறை சுற்றும்.

இனி இருண்ட பக்கத்துக்கு வருவோம். 1922-இல், இருபது வயது கூட நிறையாத வாங்கெல் நாஜிக் கட்சியில் சேர்ந்தார். உட்கட்சிப் பகையால் 1932-இல் வெளியேறினார். மறு ஆண்டே, ஆட்சியைப் பிடித்த பழைய கூட்டாளிகள் அவரைச் சிறையில் தள்ளினர். செல்வாக்குள்ள ஒருவரின் தலையீட்டால் சில திங்களில் வெளியே வந்தார். அதன்பின் டைம்லர்-பென்ஸ், பி.எம்.டபிள்யூ. நிறுவனங்களில் பணியாற்றினார். 1936-இல் நாஜி அரசின் வான்படை அமைச்சகம் லிண்டாவ் நகரில் அவருக்கென ஓர் ஆய்வுப் பட்டறையையே அமைத்துக் கொடுத்தது. 1940-இல் எஸ்.எஸ். படையிலும் சேர்ந்தார், 1942-இல் நீக்கப்பட்டார். போர் முடிந்ததும் பிரெஞ்சுப் படையினர் பட்டறையைக் கலைத்து அவரைச் சிறைப்படுத்தினர். ஒருமுறை அவர்களாலேயே சிறை புகுந்தவர், மீண்டும் அவர்கள் தந்த பணத்தில் பட்டறை நடத்தியதை நாம் மன்னிக்க வேண்டியதில்லை. கூர்மையான அறிவு நல்ல நெஞ்சுக்குச் சான்றாகிவிடாது என்பதற்கு இவரே சான்று.

1951-இல் என்.எஸ்.யூ. என்னும் மோட்டார் சைக்கிள் நிறுவனத்துடன் ஒப்பந்தம் ஏற்பட்டது. 1957 பிப்ரவரி 1-ஆம் நாள் முதற் சுழல் இஞ்சின் உயிர்பெற்று ஓடியது. அதில் சுழலியும் சுற்றியது. அதைச் சூழ்ந்த கூடும் சுற்றியது. அழகான படைப்புத்தான்; ஆனால் தீப்பொறிப் பிளக்கை மாற்றவே இஞ்சினைப் பிரிக்க வேண்டும்! அதே நிறுவனத்துப் பொறியாளர் ஹான்ஸ் டீட்டர் பாஷ்கே, கூட்டை அசையாமல் நிறுத்திச் சுழலியை மட்டும் சுற்றவிடும் எளிய வடிவத்தை அமைத்தார். வாங்கெலுக்கு அது பிடிக்கவில்லை. எனினும் உலகம் ஏற்றுக்கொண்டது பாஷ்கேயின் வடிவத்தைத்தான். 1964-இல் என்.எஸ்.யூ. ஸ்பைடர் காரும், 1967-இல் ரோ 80 காரும் அந்த இஞ்சினுடன் வெளிவந்தன.

இங்கேதான் ஒரு புதிய சிக்கல் எழுந்தது. இஞ்சின் எண்ணெயால் ஓடுகிறது என்கிறோம். காற்றால் ஓடுகிறது என்பதே இன்னும் பொருந்தும். ஒரு கிராம் பெட்ரோல் எரிய ஏறத்தாழ 15 கிராம் காற்று வேண்டும். நான் வட்டவடையைச் சேர்ந்தவன். முன்னோர் மதுரைப் பக்கத்திலிருந்து மலையேறி வந்து, சரிவுகளைப் படிப்படியாய் வெட்டிப் பூண்டும் உருளைக்கிழங்கும் கோசும் விளைத்த ஊர். 1,800 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. மூட்டை ஏற்றிய ஜீப் கொண்டை ஊசி வளைவில் திணறும்போது, வண்டிக்கு மூச்சு வாங்குகிறது என்பார்கள் எங்கள் ஓட்டுநர்கள். பாடநூல் இதைவிடத் தெளிவாகச் சொல்லிவிட முடியுமா?

சுழல் இஞ்சினுக்கு மூச்சுத் துளையை எங்கே வைப்பது? கூட்டின் வளைந்த சுவரில் வைத்தால் காற்று நேராகப் பாயும். மிகுந்த வேகத்தில் திறன் பெருகும். ஆனால் உட்புகும் வழியும் வெளியேறும் வழியும் சிறிது நேரம் சேர்ந்தே திறந்திருப்பதால், மெதுவாக ஓடும்போது பழைய புகை புதுக் காற்றில் கலந்து இஞ்சின் குலுங்கும். ரோ 80 அப்படிப்பட்டது. பக்கத் தகட்டில் துளை வைத்தால் காற்று வளைந்து செல்ல வேண்டும். ஆனால் மெதுவான ஓட்டம் சீராகும். ஜப்பானின் மஸ்தா நிறுவனம் இதையே தேர்ந்தது.

துளை மட்டும் போதுமா? கார்புரேட்டரிலிருந்து துளைவரை காற்றைக் கொண்டு செல்லும் கிளைக்குழாய்த் தொகுதி ஒன்று உண்டு, மேனிபோல்டு என்பர். ஒலி அலைகளைப் படிக்கும் மாணவனாகிய எனக்கு இந்தக் குழாய் ஒரு புல்லாங்குழலாகவே தோன்றுகிறது. துளை மூடும்போதெல்லாம் குழாயினுள் ஓர் அழுத்த அலை பின்னோக்கி எழுகிறது. தண்டு நிமிடத்துக்கு 6,000 முறை சுற்றினால், ஒவ்வொரு சுழலியும் வினாடிக்கு 100 முறை மூச்சிழுக்கும். அந்த அலை திரும்பி வரும் நேரமும் துளை திறந்திருக்கும் நேரமும் ஒத்துப்போனால், காற்று கூடுதலாக உள்ளே தள்ளப்படும். நீண்டு குறுகிய குழாய் குறைந்த வேகத்துக்கு உதவும். குட்டையாய் அகன்றது மிகுந்த வேகத்துக்கு உதவும். 1986-ஆம் ஆண்டு ஆர்.எக்ஸ்.-7 காரில், ஒரு சுழலியின் துளை மூடும்போது எழும் அலையையே மற்றச் சுழலிக்கு ஊட்டும்படி மஸ்தா குழாய்களை அமைத்தது.

ஆகவே, வெளிச்சந்தையில் கிடைக்கும் மேனிபோல்டை வாங்கிப் பொருத்துவோர் பளபளப்பைப் பார்த்தால் போதாது. வண்டியை எந்த வேகத்தில் மிகுதியும் ஓட்டுகிறோம் என்பதே முதற் கேள்வி. நான்கு துளை இஞ்சினா, ஆறு துளை இஞ்சினா என்பது இரண்டாவது; ஒன்றுக்குரியது மற்றொன்றுக்குப் பொருந்தாது. குழாய் வாயும் கேஸ்கட்டும் இஞ்சின் துளையும் படி விழாமல் ஒரே கோட்டில் சேர வேண்டும். விளிம்பு நீட்டிக்கொண்டிருந்தால் அரத்தால் ராவிச் சமன் செய்ய வேண்டும். காற்று கூடினால் பெட்ரோலும் அதற்கேற்பக் கூட வேண்டும். இல்லையேல் அறைக்குள் கலவை தாறுமாறாக வெடித்து, சுழலியின் முனைச் சீல் உடைந்துபோகும்.

அந்த முனைச் சீலே வாங்கெல் இஞ்சினின் தீராத நோய். ரோ 80 கார்களில் சீல் தேய்ந்து, இலவசமாக இஞ்சின் மாற்றிக் கொடுத்தே என்.எஸ்.யூ. நலிந்தது. 1969-இல் அது வோல்க்ஸ்வேகன் குழுமத்துள் அடங்கியது. மஸ்தாவிலோ கெனிச்சி யமமோட்டோ தலைமையில் 1963-இல் 47 பொறியாளர் கொண்ட ஒரு துறை அமைந்தது. கூட்டின் சுவரில் சீல் கீறிய தழும்புகளைப் பேயின் நகக்கீறல் என்று அழைத்த அவர்கள், அலுமினியம் ஊட்டிய கரிச் சீலைக் கண்டு நோயைத் தணித்தனர். 1967-இல் காஸ்மோ கார் பிறந்தது.

வாங்கெல் 1971-இல் தம் நிறுவனப் பங்கை விற்றுப் பெருஞ்செல்வரானார். அவருக்கு மக்கட்பேறு இல்லை. விலங்குகளைத் துன்புறுத்தாத ஆராய்ச்சிக்கென 1972-இல் ஒரு பரிசை நிறுவினார். 1988 அக்டோபர் 9-ஆம் நாள் ஹைடல்பர்க்கில் மறைந்தார். மூன்றாண்டுகள் கழித்து, 1991 ஜூனில், பிரான்சின் லெ மான் 24 மணிப் பந்தயத்தில் மஸ்தா 787பி கார் வென்றது. அதன் நான்கு சுழலி இஞ்சினில், வேகத்துக்கேற்ப நீண்டும் குறுகியும் வரும் மூச்சுக் குழாய்கள் இருந்தன. நம் நாட்டிலும் நிஷாந்த் என்னும் ஆளில்லா விமானத்துக்கென அரசு ஆய்வு நிறுவனங்கள் கூடி 55 குதிரைத்திறன் வாங்கெல் இஞ்சினை உருவாக்கின. 2009 ஏப்ரலில் கோலார் அருகே அது வானில் பறந்தது.

நண்பர்களே, இஞ்சினுக்கு வாங்கெல் பெயர் நிலைத்துவிட்டது. ஆயினும் கூட்டை நிறுத்தியவர் பாஷ்கே; சீலைக் காத்தவர் யமமோட்டோவும் அவர் தோழர்களும்; மூச்சுக் குழாயின் நீளத்தை அளந்து அளந்து வெட்டியவர்களின் பெயர்களோ நமக்குத் தெரியாது. மேதையின் கனவு தொடக்கம்தான். அது ஓடுவதற்குக் காற்றுக்கு வழிவிடும் பல கைகள் வேண்டும். நம்முள் எல்லாரும் வாங்கெல் ஆக முடியாது, ஆகவும் வேண்டாம். குழாய் வாயின் படியை ராவிச் சமன் செய்யும் கையாக இருந்தாலே போதும், அதுவும் அறிவியலே.