அயோத்திதாச பண்டிதரும் ஒரு பைசாத் தாளும்

கிருஷ்ணகிரிக்கு வடக்கே எல்லை கடந்தால் கோலார் தங்கவயல். தமிழ்நாட்டினின்று சென்று அங்குச் சுரங்கத்தில் உழைத்த எளிய மக்கள் ஒரு பேரறிஞரின் எழுத்துக்களை மறையாமற் காத்தனர். அவ்வறிஞரே அயோத்திதாச பண்டிதர்.

1845இல் பிறந்த இவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் காத்தவராயன். ஆசிரியர்பாற் கொண்ட அன்பினால் அவர் பெயரையே தமதாக்கிக்கொண்டார். சித்த வைத்தியம் இவர் தொழில். 1898இல் இலங்கை சென்று பௌத்தம் தழுவினார். 1907 ஜூன் 19இல் சென்னை இராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' என்னும் வார இதழைத் தொடங்கினார். நான்கே பக்கம், விலையோ பெயரிலேயே உண்டு! ஓராண்டு சென்றபின் அது 'தமிழன்' ஆயிற்று. சாதி பேதத்தை இடைவிடாது சாடிய அவ்விதழ், கிறிஸ்தவ சபைகளுட் புகுந்த சாதியையும் விட்டுவைக்கவில்லை. நம்மனோர் அதனை வாசித்து நாணுதல் தகும்.

1914 மே 5இல் பண்டிதர் மறைந்தார். மகனார் பட்டாபிராமன் சிறிது காலம் நடத்தியபின் இதழ் நின்றது. தங்கவயலார் வாளாவிருந்தாரல்லர். அங்கிருந்த சித்தார்த்த புத்தகசாலை பண்டிதர் நூல்களை அச்சிட்டுப் பரப்பியது, 1926இல் ஜி. அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு 'தமிழன்' அவ்வூரிலிருந்தே மீண்டும் வெளிவந்தது. சபைகளையும் கடிந்த அவ்வெழுத்துக்களை 1999இல் தொகுத்து வெளியிட்டது, பாளையங்கோட்டைத் தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம்.