விக்டரும் அவனுக்கு உடுத்திய சட்டையும்

1800 ஆம் ஆண்டு ஜனவரி மாதம், பிரான்ஸின் தெற்கே அவெரோன் மாவட்டத்தில் உள்ள சென் செர்னன் கிராமத்துக்குள் காட்டுப்பக்கமிருந்து ஒரு சிறுவன் வந்தான். கடும் பனிக்காலம். வயது பதினொன்றோ பன்னிரண்டோ இருக்கும். உடம்பில் கிழிந்துபோன சேட்டொன்றின் மிச்சத்தைத் தவிர வேறெதுவும் இல்லை. பேச்சு இல்லை. தொண்டையில் நீளமான வெட்டுத் தழும்பு. புரட்சியும் அதோடு வந்த கொலைகளும் நடந்து முடிந்து சில வருடங்களே ஆகியிருந்த நாடு அது. அவன் யார் பெற்ற பிள்ளை, கழுத்தில் கத்தி வைத்தது யார் என்பது கடைசிவரை தெரியவரவில்லை.

அவெரோனின் காட்டுப்பையன் என்று உலகம் அறிந்தது இவனைத்தான். விக்டர் என்ற பெயர் பிறகுதான் வந்தது. அவன் ஏன் பேசவில்லை என்பதைப் பற்றியே இருநூறு வருடங்களுக்கு மேலாக எழுதிவருகிறார்கள். வன்னியில் விசேட தேவையுள்ள பிள்ளைகளோடு வேலை செய்கிற எனக்கு, அவனுடைய உடுப்பின் கதைதான் முதலில் கண்ணில் படுகிறது.

அநாதைப் பிள்ளைகள் இல்லமொன்றில் அவனுக்கு நரைநிற லினன் துணியில் நீளச் சட்டை ஒன்றை உடுத்திவிட்டார்கள். அதைக் கழற்றும் விதம் அவனுக்குத் தெரியவில்லை. ஆனால் அது அவனைப் படாதபாடு படுத்தியது என்று இல்லத்துக்குப் பொறுப்பானவர் எழுதி வைத்தார். பார்த்தவர்களுக்கு அது காட்டுக்குணம். காலை ஏழு மணிக்குப் பள்ளிக்கூடச் சேட்டோடு பிள்ளையைத் துரத்திக்கொண்டு ஓடும் தாய்மாருக்கு அது வேறொன்றாகத் தெரியும்.

அந்த வருடம் ஆகஸ்ட் மாதம் அவனைப் பாரிஸுக்குக் கொண்டுபோய், வாய்பேசாத செவிப்புலனற்ற பிள்ளைகளுக்கான தேசிய நிறுவனத்தில் விட்டார்கள். அக்காலத்தின் பெரிய மனநல வைத்தியரான பினெல் பரிசோதித்தார். பிறவியிலேயே மூளைக்குறை, திருத்த முடியாது என்று முடிவு சொன்னார். இருபத்தாறு வயது இளம் வைத்தியர் இதார் அதை ஏற்கவில்லை. மனிதர் இல்லாத தனிமைதான் காரணம், பழக்கினால் திருந்துவான் என்று பையனைப் பொறுப்பெடுத்தார்.

எங்கள் தாய்மார் கேட்பதும் இதே கேள்விதான். வயிற்றில் இருக்கும்போது செல்லடிக்குள் ஓடியதாலா, பங்கருக்குள் பெற்றதாலா, அல்லது பிறவியிலேயே இப்படித்தானா? விக்டருக்கு ஓட்டிசம் இருந்திருக்க வேண்டும் என்று யூட்டா ஃபிரித் என்ற உளவியலாளர் 1989 இல் எழுதினார். அதற்கு முன்னரே, 1976 இல், ஹார்லன் லேன் அப்படியில்லை என்று வாதாடியிருந்தார். அந்த வழக்கு இன்னும் முடியவில்லை. உடுப்புப் பிரச்சினையோ ஒவ்வொரு விடியலிலும் வருவது. அது காரணம் தெரியும்வரை காத்திருக்காது.

இதார் நல்ல கண் உள்ளவர். விக்டரின் புலன்களைப் பற்றி அவர் எழுதியது இன்றைக்கும் பாடமாகப் படிக்கத்தக்கது. கொதிக்கும் தண்ணீருக்குள் கையைவிட்டு உருளைக்கிழங்கை எடுப்பான். பனியில் அரைநிர்வாணமாக உருண்டு மகிழ்வான். முதுகுக்குப் பின்னால் கைத்துப்பாக்கியால் சுட்டாலும் திரும்பமாட்டான். ஆனால் அவனுக்குப் பிடித்த வால்நட் கொட்டையை யாராவது மெல்ல உடைத்தால் உடனே தலை திரும்பும். காது கேட்கிறது. எதைக் கேட்பது என்பதில்தான் மற்றவர்களிலிருந்து வேறுபட்டான். வெடிச்சத்தத்துக்கும் அசையாத பிள்ளையைச் செவிடு என்றும், கொலரில் தைத்த சின்னத் துணிச்சீட்டுக்கு அழுகிற பிள்ளையைப் பிடிவாதக்காரன் என்றும் நாங்கள் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறோம். அளவுக்கு மீறி உணர்வதும் அளவுக்குக் குறைய உணர்வதும் ஓட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றென அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கைநூல் 2013 இல்தான் சேர்த்துக்கொண்டது.

உடுப்பு விடயத்தில் இதார் செய்தது இது: தினமும் இரண்டு மூன்று மணித்தியாலம் அவனைச் சுடுதண்ணீரில் குளிக்கவைத்தார். நாளடைவில் தோல் குளிரை உணரத் தொடங்கியது. தண்ணீர் ஆறியிருந்தால் விரல் வைத்துப் பார்த்துவிட்டு இறங்க மறுக்கும் அளவுக்கு வந்துவிட்டான். பிறகு காலையில் குளிருக்குள் விட்டு, உடுப்பைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்தார். கொஞ்ச நாளில் தானாகவே உடுத்தப் பழகினான். கெட்டித்தனமான வழி என்று பலர் புகழ்கிறார்கள். எனக்கு அது முழுதாகச் சம்மதமில்லை. துணிக்கு ஏற்றபடி பிள்ளையை மாற்றினார். பிள்ளைக்கு ஏற்ற துணி எது என்று தேடவில்லை. இதே மனிதர் அவனை அடக்குவதற்கு மாடி யன்னலுக்கு வெளியே தூக்கிப் பிடித்துப் பயமுறுத்தியும் இருக்கிறார்.

இன்று துணியை மாற்றலாம், அதுவும் ஊருக்குத் தெரியாமல். சேட்டின் துணிச்சீட்டைத் தையலோடு பிரித்து எடுங்கள். வெட்டினால் மிஞ்சும் நுனி இன்னும் மோசமாகக் குத்தும். சீருடைக்கு உள்ளே பழகி மெலிந்த பருத்திப் பெனியனை, தையல் வெளிப்பக்கம் வர மறுபுறமாகப் போட்டுவிடலாம். சப்பாத்துக்குள் போடும் காலுறையும் அப்படியே. புதுத்துணியை நாலைந்து தரம் தோய்த்து, கஞ்சி போடாமல் கொடுங்கள். டை தாங்காவிட்டால் வகுப்பாசிரியரிடம் தனியாகக் கதையுங்கள். யுத்தத்தின் கடைசி மாதங்களில் பிறந்தவர்கள் இன்று வளர்ந்த பெடியளும் பெட்டையளும். வகுப்பில் தான் மட்டும் வேறாகத் தெரிவதை அவர்கள் விரும்பமாட்டார்கள்.

விக்டருக்கு அப்படி ஒசைப்படாமல் துணைநின்றவர் ஒருவர் இருந்தார். அவரை நிறையப் பேர் மறந்துவிட்டார்கள். பாடம் இதாருடையது, சாப்பாடு, குளிப்பு, உலாத்தல், நித்திரை எல்லாம் மதாம் கேரன் என்ற பெண்மணியின் கையில். நிறுவனத்தில் சம்பளத்துக்கு அவனைப் பராமரித்தவர். அவன் யன்னலருகே நின்று வெளியைப் பார்த்தபடி தண்ணீர் குடிப்பதை விரும்பியதும், அவரை விட்டு ஓடிப்போய்த் திரும்பவும் சந்தித்தபோது கட்டிக்கொண்டதும் இதாரின் அறிக்கைகளில் இருக்கின்றன.

அவற்றில் ஒரு சம்பவத்தை நான் பல தரம் வாசித்திருக்கிறேன். சாப்பாட்டு மேசையில் கோப்பைகளை வைப்பது விக்டரின் வேலை. கேரனின் கணவர் நோயில் விழுந்து வேறிடத்தில் கிடந்த நாட்களிலும் அவருக்குரிய கோப்பையை வைத்துக்கொண்டே இருந்தான். ஒவ்வொரு நாளும் அதை எடுத்துவிட வேண்டியிருந்தது. அவர் இறந்த அன்றும் வைத்தான். அதைக் கண்ட கேரன் உடைந்து அழுதார். அவன் முகம் வாடி, கோப்பையைத் திரும்ப எடுத்து அலுமாரியில் வைத்தான். அதற்குப் பிறகு ஒருநாளும் அதை எடுத்து வைக்கவில்லை. திரும்பி வராதவருக்குச் சோறு போட்டு வைத்த வீடுகளில் வாழ்ந்தவர்களுக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை. மற்றவர் துயரம் இப்படியான பிள்ளைகளுக்கு விளங்காது என்று யாராவது சொன்னால் நான் இந்தக் கோப்பையைத்தான் சொல்வேன்.

பேச்சு வரவில்லை. ஏறக்குறைய ஆறு வருடத்துக்குப் பிறகு, 1806 இல், இரண்டாவது அறிக்கையோடு இதார் முயற்சியைக் கைவிட்டார். அவருடைய வேலை வீண்போகவில்லை. அவரிடம் கற்ற செகன், அவரை வாசித்த மரியா மொண்டிசோரி என்று அது நீண்டது. மொண்டிசோரி 1939 இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களைப் பயிற்றினார். எங்கள் முன்பள்ளிகளில் பிள்ளைகள் விரலால் தடவிப் பழகும் சொரசொரப்பு எழுத்துகளுக்குப் பின்னால் விக்டரோடு கழிந்த அந்த வருடங்கள் இருக்கின்றன.

விக்டரை அநாதை மடத்துக்கு அனுப்பவில்லை. 1811 இல் நிறுவனத்துக்கு அருகே, ஃபொய்யான்தீன் முடுக்கில் ஒரு சிறு வீட்டில் கேரனோடு குடியமர்த்தினார்கள். அவனைப் பார்ப்பதற்காக அரசு அவருக்கு வருடம் 150 பிராங்க் கொடுத்தது. அந்த வீட்டில் அவன் பதினேழு வருடங்கள் வாழ்ந்து, 1828 இல், ஏறக்குறைய நாற்பது வயதில் இறந்தான்.