பாட அனுமதி மறுத்த ஆராதனைக்குக் கோயில் கட்டித் தந்த பெங்களூரு நாகரத்தினம்மாள்

திருவையாறில் தியாகராஜர் சமாதிக்குத் தமது சொந்தச் சேமிப்பைக் கொண்டு கோயில் எழுப்பியவர், அங்கு நடைபெற்ற ஆராதனையில் பாட அனுமதிக்கப்படவில்லை. பெண் என்பதே காரணம். அவர் பெங்களூரு நாகரத்தினம்மாள்.

மைசூரு அருகே நஞ்சன்கூட்டில் 1878-ஆம் ஆண்டு தேவதாசி மரபில் பிறந்தவர். இளம் வயதிலேயே சமஸ்கிருதமும் இசையும் கற்றுப் பெங்களூரில் புகழ் பெற்றார். சென்னையில் குடியேறிய பின்னரும் அந்நகரின் பெயர் அவருடன் நிலைத்துவிட்டது.

தஞ்சை மராத்திய அரசவையைச் சேர்ந்த முத்துப்பழனி 18-ஆம் நூற்றாண்டில் தெலுங்கில் இயற்றிய 'ராதிகா சாந்தவனம்' நூலை 1910-இல் அவர் முழுமையாகப் பதிப்பித்தார். பெண்ணின் காதல் வேட்கையைப் பெண்ணே பாடிய காவியம் அது. சீர்திருத்தவாதியான கந்துகூரி வீரேசலிங்கம் அதை ஆபாசம் என்று முன்பே இகழ்ந்திருந்தார். ஆண் புலவர்கள் அதைவிட வெளிப்படையாக எழுதியவை போற்றப்படும்போது நாணம் பெண்ணுக்கு மட்டும் உரியதா என்று நாகரத்தினம்மாள் வினவினார். அதற்கு விடை வரவில்லை, தடைதான் வந்தது. 1911-இல் ஆங்கிலேய அரசு நூலை முடக்கியது. பிரகாசம் தலைமையிலான சென்னை மாகாண அமைச்சரவையின் காலத்தில்தான் அத்தடை நீங்கியது.

திருவையாறில் சிதிலமடைந்து கிடந்த சமாதியைச் சீரமைக்கும் பணியை 1921-இல் அவர் தொடங்கினார். 1925-இல் குடமுழுக்கு நடந்தது. ஆராதனை நடத்திய பெரிய கட்சி, சின்ன கட்சி ஆகிய இரு தரப்பும் தங்களுக்குள் எல்லாவற்றிலும் முரண்பட்டன; பெண்களை விலக்குவதில் மட்டும் ஒத்துப்போயின. 1927-இல் அவர் பெண்களைத் திரட்டிச் சமாதியின் பின்புறம் தனி ஆராதனை தொடங்கினார். அது 'பெண்கள் கட்சி' எனப்பட்டது. 1940-களின் தொடக்கத்தில் மூன்று தரப்பும் ஒன்றிணைந்தன.

தேவதாசி முறையை ஒழிக்க முத்துலட்சுமி ரெட்டி முயன்றபோது, அதனை எதிர்த்த தேவதாசிகளின் முன்னணியிலும் நாகரத்தினம்மாள் நின்றார். சிறுமியருக்குப் பொட்டுக் கட்டும் கொடுமையை அவர்களது வாதம் போதிய அளவு எதிர்கொள்ளவில்லை என்பதை மறைப்பதற்கில்லை. ஆயினும், ஒரு குலத்துப் பெண்கள் அனைவரையும் விலைமகளிர் என முத்திரை குத்தலாகாது, தங்களைப் பற்றிய சட்டத்தில் தங்கள் குரலையும் கேட்க வேண்டும் என்ற கோரிக்கையில் நியாயம் இருந்தது.

1952-ஆம் ஆண்டு மே மாதம் அவர் திருவையாறில் காலமானார். தியாகராஜர் சன்னதியை நோக்கியவாறு அவரது சமாதி அமைக்கப்பட்டது. ஆண்டுதோறும் ஆண்களும் பெண்களும் அங்கு ஒன்றாக அமர்ந்து பஞ்சரத்தின கீர்த்தனைகளைப் பாடுகின்றனர்.